எல்.இ.டி. பல்பும் பழைய ஒயரும்

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய ஓட்டு வீட்டுக்குப் புதுசாக லைட் போடும்போது ஒரு பேச்சு கட்டாயம் வரும். "ரூமுக்கு நாலு எல்.இ.டி. போட்டா பழைய ஒயர் தாங்குமா தம்பி?" என்று வீட்டுக்காரர் கேட்பார். "அதெல்லாம் ஒரு லோடே இல்லீங்க" என்பார் எலக்ட்ரீஷியன். அவர் சொல்வது சரிதான். ஆனால் அது பாதிக் கதை!

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 230 வோல்ட்டில் ஒரு 60 வாட் குண்டு பல்பு சுமார் 0.26 ஆம்பியர் இழுக்கும். பத்து பல்புக்கு 2.6 ஆம்பியர். அதே இடத்தில் பத்து 9 வாட் எல்.இ.டி. போட்டால் 0.4 ஆம்பியர்தான். மட்டமான பல்பாக இருந்து அதன் பவர் ஃபேக்டர் 0.5 என்றே வைத்துக்கொண்டாலும் 0.8 ஆம்பியரைத் தாண்டாது. பழைய லோடில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

பைசாக் கணக்கு இன்னும் ருசியானது. ஆறு குண்டு பல்புகள் தினம் 5 மணி நேரம் எரிந்தால் 60 நாளில் 108 யூனிட். 2016 முதல் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டையும் அந்த ஆறு பல்புகளே தின்று தீர்த்துவிடும். எல்.இ.டி. என்றால் சுமார் 16 யூனிட்டோடு முடிந்தது. மத்திய அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கிய பிறகு பல்பு விலையும் சரசரவென்று இறங்கியது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கம்பங்களைச் சாய்த்துப் போட்டபோது, குண்டு பல்பு நாலு மணி நேரத்தில் காலி செய்யும் இன்வர்ட்டர் பேட்டரியில் எல்.இ.டி. ஒரு நாள் முழுக்க எரியும் என்ற அருமையும் புரிந்திருக்கும்.

சரி, மீதிப் பாதிக் கதை என்ன?

விளக்கு இளைத்துவிட்டது, வீடு இளைக்கவில்லை! 2011-ல் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் இலவசமாகவே வீடு தேடி வந்தன. அப்புறம் இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் சூடாக்கும் ராடு. லைட் ஸ்விட்ச் பக்கத்திலேயே ஒரு 5 ஆம்பியர் பிளக் இருக்கிறதே, அதில்தான் எல்லாம் சொருகப்படுகின்றன. 1000 வாட் அயர்ன்பாக்ஸுக்கு 4.3 ஆம்பியர். 1500 வாட் ராடுக்கு 6.5. 2000 வாட் அடுப்புக்கு 8.7!

குண்டு பல்புக் காலத்தில் பத்து பல்பும் அயர்ன்பாக்ஸும் சேர்ந்தால் ஏழு ஆம்பியரை நெருங்கும். ஃப்யூஸ் போய் எச்சரிக்கும். இப்போது இரண்டும் சேர்ந்தே ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றும் ஆகவில்லை என்ற தைரியத்தில் அடுத்து ராடு ஏறுகிறது. அதற்கும் ஃப்யூஸ் போனால்? தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது நம் ஊர் வழக்கம். அதற்குப் பிறகு சூடாவது ஃப்யூஸ் கம்பி இல்லை, மரப்பட்டையில் ஆணியடித்து ஓடும் பழைய ஒயர். மேலேயும் மரச்சட்டம்தான்.

எல்.இ.டி.யால் மிச்சமாவது ஒயரின் மூச்சு. அதை வேறொன்றுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. லைட் லைனை லைட்டுக்கும் ஃபேனுக்கும் விட்டுவிட்டு, அடுப்புக்கும் ராடுக்கும் தனி ஒயர், தனி 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த் போடுவதே முறை. ஷாக் அடித்தால் உடனே லைனை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வேண்டும். எம்.சி.பி. ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

இதற்குப் பணம்? மேலே சொன்ன ஆறு பல்புக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 92 யூனிட் மிச்சம். அந்தக் காசை நாலைந்து பில்லுக்குச் சேர்த்தாலே வேலையைத் தொடங்கிவிடலாம்.