சூடு கண்ட உயிரணு

பொன்னை நெருப்பிலிட்டுப் புடமிடுவதுபோல் இறைவன் தம் அன்பரைச் சோதிக்கிறார் என்று நாம் பலமுறை பிரசங்கித்ததுண்டு. வேதாகமம் கூறும் உவமையே அது, அதில் பிழையில்லை. ஆயினும் பொன் உயிரற்ற பொருள். உயிருள்ளதொன்று வெப்பத்தில் அகப்பட்டால் என்ன செய்கிறது என்பதைச் சிறிது படித்தறிந்தபோது, நம்முடைய பழைய பிரசங்கங்கள் சிலவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்று தோன்றிற்று.

இத்தாலி நாட்டில் பெருச்சோ ரித்தோசா என்னும் இளம் விஞ்ஞானி பழ ஈக்களை ஆராய்ந்து கொண்டிருந்தார். கனிந்த வாழைத்தாரைச் சுற்றி மொய்க்குமே, அந்தச் சிற்றீதான். ஒருநாள் உடன் பணிபுரிந்த ஒருவர் வெப்பப் பெட்டியின் சூட்டை உயர்த்திவிட்டார். ரித்தோசா நுண்ணோக்கியில் பார்க்க, ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலுள்ள குரோமோசோம்களில் முன்பு காணாத இடங்களில் புடைப்புகள் எழுந்திருந்தன. புடைப்பு என்பது அவ்விடத்து மரபணு விழித்தெழுந்து வேலை செய்வதன் அடையாளம். இதனைப் பெயர்பெற்ற ஏடொன்று முக்கியமற்றதெனத் திருப்பி அனுப்பிற்று. 1962-இல் வேறோர் ஏடு வெளியிட்டது. கதவடைப்போர் அறிவுலகிலும் உண்டு போலும்! அம்மரபணுக்கள் எவற்றை உண்டாக்குகின்றன என்பது 1974-இல்தான் தெரியவந்தது.

உயிரணுவின் வேலைகளைப் பெரும்பாலும் செய்பவை புரதங்கள். ஒவ்வொரு புரதமும் நூல்போல் நீண்டது. தனக்குரிய முறையில் மடிந்தால்தான் அது பயன்படும். சூடு மிகுந்தால் மடிப்புக் குலையும். குலைந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். முட்டையின் வெண்கரு வேகும்போது வெளுத்து இறுகுவது இதனால்தான். அவ்வேளையில் உயிரணு தன் வழக்கமான உற்பத்தியிற் பெரும்பகுதியை நிறுத்திவிட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் உதவியாளரை மிகுதியாகத் தோற்றுவிக்கிறது. இவை குலைந்த புரதத்தைப் பற்றி, பிறவற்றோடு ஒட்டாமற் காத்து, மீண்டும் மடியத் துணைபுரிகின்றன. இத்தகைய துணைவருக்கு மேனாட்டார் இட்ட பெயர் 'சாப்பரோன்'. முன்னாளில் இளம்பெண்களுக்குக் காவலாக உடன் சென்ற மூத்த மாதரை அவ்வாறு அழைத்தனர். நம் ஊரில் அத்தையும் பாட்டியும் பார்த்த வேலை!

உதவியாளர் சிலர் அமைதிக் காலத்திலும் உண்டு. அவர்கள் எச்சரிக்கை மணி போன்ற ஒரு புரதத்தைப் பிடித்து வைத்திருக்கின்றனர். சூடு வந்ததும் அதை விட்டுவிட்டுச் சேதமுற்றவற்றிடம் ஓடுகின்றனர். விடுபட்ட மணி மரபணுக்களிடம் சென்று மேலும் பலரை வரவழைக்கிறது. வேலை ஓய்ந்தவர்கள் திரும்பி வந்து அதனைப் பிடித்துக்கொள்ள, மணியோசை அடங்குகிறது. ஆளில்லை என்பதே ஆளை அழைக்கும் குரலாகும் இந்த ஏற்பாட்டை எண்ணி எண்ணி வியந்தோம்.

மிதமான சூட்டைக் கண்டு மீண்ட உயிரணு, பின்னர் வரும் கடுஞ்சூட்டையும் தாங்கவல்லது. இதைக் கேட்டதும், "பிள்ளையை அடித்து வளர்த்தால்தான் உறுதிப்படுவான் என்று நாங்கள் சொல்லவில்லையா, சுவாமி?" எனத் தந்தையர் சிலர் மகிழக்கூடும். சற்றுப் பொறுங்கள். அந்த உயிரணு சூட்டினின்று எடுக்கப்பட்டுச் சில மணி நேரம் தேறவிடப்பட்டது. அதன் தாங்குதிறனும் சில நாட்களில் தேய்ந்துவிடும். ஓயாத சூட்டிலேயே வைத்தால் உதவியாளர் போதாமற்போக, உயிரணு மாய்கிறது.

நாமும் குற்றமற்றவரல்லோம். குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப்பற்றி முறையிட வந்த ஒரு சகோதரியிடம், "சிலுவையைப் பொறுமையோடு சும, மகளே; ஆண்டவர் உன்னைப் புடமிடுகிறார்" என்று கூறி அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினோம். ஓரிரவு தங்க அவருக்கு வேறிடம் உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் முறை அவர் வந்தபோது நெற்றியில் காயமிருந்தது. அன்று மாலையே அவருடைய அண்ணனுக்கு ஆளனுப்பினோம். பிள்ளைகளுடன் மூன்று மாதம் தாய்வீட்டிலிருந்தார் அந்த அம்மாள்.