கொடி எஞ்சினுக்கு, லீவு யாருக்கு?

ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். அங்கே நல்ல கோடை. ஊர்வலம், வாணவேடிக்கை, வாசலில் கொடி, கொல்லையில் கறி சுடுவது என்று ஊரே அமர்க்களப்படும். எங்களைப் போன்ற கூட்ஸ் ரயில் பைத்தியங்களுக்கும் (ஆமாம், அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது!) அன்றைக்குத் தனிக் கொண்டாட்டம்தான். யூனியன் பசிபிக் கம்பெனியின் எஞ்சின்களில் பக்கவாட்டில் பெரிதாகக் கொடி வரைந்திருக்கும். அது நூற்றுக்கும் மேற்பட்ட வேகன்களை இழுத்துப் போகிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதுதான்டா தேசபக்தி" என்று புல்லரித்துப்போவோம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கொடி எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது, சரி. உள்ளே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தால்?

ஜூலை 4-க்கும் ரயிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிறையவே இருக்கிறது. 1828 ஜூலை 4 அன்றுதான் பால்டிமோர் அண்டு ஓஹையோ ரயில்பாதைக்கு முதல் கல் நாட்டினார்கள். நாட்டியவர் சார்லஸ் கேரல், வயது 90. சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட 56 பேரில் அன்றைக்கு உயிரோடு இருந்த ஒரே ஆள் அவர்தான். சரக்கை மலை தாண்டி மேற்கே கொண்டுபோக வழி இல்லாவிட்டால் தங்கள் ஊர் பிழைக்காது என்று பால்டிமோர் வியாபாரிகள் போட்ட பாதை அது.

நம்ம ஊர் மாதிரி இல்லை. அங்கே தண்டவாளமே பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் சொத்து. பயணிகளை ஏற்றும் ஆம்ட்ராக் வண்டிகள்கூட முக்கால்வாசி அவர்கள் பாதையில்தான் ஓடுகின்றன.

இனி 1976-க்கு வருவோம். சுதந்திரத்தின் 200-வது ஆண்டு. பல கம்பெனிகள் எஞ்சின்களுக்கு சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்தன. அதே வருஷம் ஏப்ரல் 1-ல் நடந்ததைத்தான் யாரும் பெயிண்டில் எழுதவில்லை. 1970-ல் திவாலான பென் சென்ட்ரலையும் வடகிழக்கில் நொடித்துப்போன வேறு சில கம்பெனிகளையும் சேர்த்து, அரசுப் பணத்தைக் கொட்டி கான்ரெயில் என்று ஆரம்பித்தார்கள். 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம், கட்டணத்தைப் பெரும்பாலும் கம்பெனிகளே முடிவு செய்துகொள்ளும் சுதந்திரத்தைக் கொடுத்தது. கான்ரெயில் நிமிர்ந்தது. 1987-ல் அரசு அதன் பங்குகளை விற்றது. 1999-ல் சிஎஸ்எக்ஸும் நார்ஃபோக் சதர்னும் அதைப் பிரித்துக்கொண்டன. நஷ்டம் வந்தால் நாட்டுக்கு, லாபம் வந்தால் வீட்டுக்கு!

பி.காம் படிக்கிறவன் என்பதால் கொஞ்சம் கணக்கு. ஆப்பரேட்டிங் ரேஷியோ என்று ஒன்று உண்டு. 100 டாலர் வருமானத்தில் வண்டி ஓட்டுவதற்கான செலவு எவ்வளவு என்பதுதான் அது. 60-க்குக் கீழே இறங்கினால் வால் ஸ்ட்ரீட் கைதட்டும். இறக்க இரண்டு வழி. ஒன்று, லாரிக்காரர்களோடு மல்லுக்கட்டிப் புதுச் சரக்கு பிடிக்க வேண்டும். இன்னொன்று, ஆளைக் குறைக்க வேண்டும். எது சுலபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷத்தில் பெரிய கம்பெனிகள் 29 சதவீத ஆட்களை, அதாவது சுமார் 45,000 பேரைக் குறைத்துவிட்டதாக 2022-ல் சொன்னவர் தொழிற்சங்கத் தலைவர் இல்லை. ரயில் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு வாரியத்தின் அன்றைய தலைவர் மார்ட்டின் ஓபர்மன்.

மிச்சம் இருந்தவர்கள் அதே 2022-ல் கேட்டது, உடம்பு முடியாவிட்டால் சம்பளத்தோடு லீவு. 12 சங்கங்களில் 4 சங்கங்களின் உறுப்பினர்கள் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதே ஒப்பந்தத்தை அவர்கள் தலையில் கட்டியது. 7 நாள் லீவு தரும் தனித் தீர்மானத்துக்கு செனட்டில் 52 பேர் ஆதரவு, 43 பேர் எதிர்ப்பு. 60 வேண்டும் என்பதால் அது தோற்றது. டிசம்பர் 2 அன்று பைடன் கையெழுத்துப் போட்டார். கதை முடிந்தது.

"ஐந்து வருஷத்துக்கு 24 சதவீதம் சம்பளம் ஏற்றினார்களே?" ஏற்றினார்கள். பசிக்கிறது என்றவனுக்குச் சட்டை வாங்கிக் கொடுத்த கதை அது.

"ரயில் நின்றால் நாடே நின்றுவிடுமே?" அதையேதான் நானும் சொல்கிறேன். ஒருவர் வேலைக்கு வராவிட்டால் நாடே நின்றுவிடும் என்றால், அவர் காய்ச்சலில் படுக்க நாலு நாள் தரக்கூடாதா? இதில் வேடிக்கை, 2023-ல் அதே கம்பெனிகள் ஒவ்வொன்றாக இறங்கிவந்து, பல சங்கங்களுக்குச் சில நாள் லீவு கொடுத்தன. அதனால் எந்தக் கம்பெனியும் கவிழ்ந்துவிடவில்லை. 2025 ஜூலையில் யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்னை சுமார் 8,500 கோடி டாலர் மதிப்பில் வாங்கப்போவதாக அறிவித்தது. ஆக, பணம் எப்போதும் இருந்திருக்கிறது. மனசுதான் இல்லை.

கூட்ஸ் ரயிலை ரசிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானே விடப்போவதில்லை. ஆனால் எஞ்சினின் குதிரைசக்தியை மனப்பாடமாகச் சொல்கிற நாம், அதை ஓட்டுகிறவருக்கு எத்தனை நாள் லீவு என்று ஒரு தடவையாவது தேடிப் பார்த்திருக்கிறோமா? கம்பெனி கொடியை வரைவது விளம்பரத்துக்கு. அந்த விளம்பரத்தை நாம் ஏன் ஓசியில் செய்ய வேண்டும்?

திட்ட வருகிறவர்கள் ஏதாவது ஒரு ரயில் கம்பெனியின் ஆண்டறிக்கையை ஒரு தடவை புரட்டிவிட்டு வந்து திட்டவும் :-)