உதிராத முடியின் கணக்கு

இந்திய நகரங்களில் நாய்க்குட்டி விற்போரின் விளம்பரங்களில் ஒரு வாக்குறுதி தவறாமல் இடம்பெறுகிறது: ‘முடி உதிராது, ஒவ்வாமை வராது.’ பூடிலையும் லாப்ரடாரையும் இணைத்துப் பெற்ற லாப்ரடூடில், பூடிலையும் கோல்டன் ரெட்ரீவரையும் இணைத்துப் பெற்ற கோல்டன்டூடில், காக்கர் ஸ்பேனியல் வழிவந்த காக்கப்பூ எனச் சுருள்முடிக் கலப்பினங்கள் பல்லாயிரம் ரூபாய் விலையில் கைமாறுவதற்கு இந்த வாக்குறுதியே முதற்காரணம். இது முழுப்பொய் அன்று, பாதி உண்மை. சொல்லாமல் விடப்படும் மறுபாதி, குட்டிக்கு ஏழெட்டு மாதம் ஆகும்போது அதன் தோலில் வந்து விடிகிறது.

எந்த நாயின் முடியும் ஒரு சுழற்சிக்கு உட்பட்டதே. ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, தேய்வு, ஓய்வு, உதிர்வு என்னும் நிலைகளைக் கடந்து மீண்டும் வளர்ச்சிக்குத் திரும்புகிறது. லாப்ரடாரில் வளர்நிலை குறுகியது. முடி ஓரளவே நீண்டு, நின்று, உதிர்ந்துவிடும். பூடிலில் வளர்நிலை மிக நீண்டது; ஆகவே முடி வெட்ட வெட்ட வளர்கிறது, உதிர்வது குறைவு. குறைவு என்பதற்கு இல்லை என்று பொருளன்று. உதிரும் முடி தரைக்கு வராமல் அடுத்த சுருளில் சிக்கி அங்கேயே தங்கிவிடுகிறது. வீட்டுத் தரை சுத்தமாக இருப்பதன் விளக்கம் இதுதான்.

2009ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, தூய இன நாய்களின் முடி வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்கள் விளக்கிவிடுகின்றன என்று காட்டியது. எஃப்ஜிஎஃப்5 நீளத்தையும், கேஆர்டி71 சுருளையும், ஆர்எஸ்பிஓ2 மீசை, தாடி, புருவம் ஆகிய முகமுடியையும் தீர்மானிக்கின்றன. முகமுடி தரும் மாற்றுரு ஓங்குபண்பு உடையது. அது உதிர்வையும் குறைக்கிறது. எம்சி5ஆர் என்னும் மற்றொரு மரபணுவுக்கும் உதிர்வின் அளவில் பங்குண்டு என்பது பின்னர் தெரியவந்தது. இதன் விளைவை எளிய மெண்டல் கணக்கே சொல்லிவிடும். லாப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்த முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் முகமுடி மாற்றுருவின் ஒரு பிரதியைப் பெறும். அவற்றைத் தம்முள் இணைத்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்றுக்கு அது கிடைக்காது. அக்குட்டி லாப்ரடாரைப் போலவே முடி உதிர்க்கும். எட்டு வாரக் குட்டியின் மென்முடியைத் தடவிப் பார்த்து இதைத் துல்லியமாகச் சொல்ல இயலாது. மரபணுச் சோதனை சொல்லும். விளம்பரமோ எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே உறுதியைத் தருகிறது.

இக்கலப்பின் வரலாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. 1989இல் ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் பணியாற்றிய வாலி கான்ரான், ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்ணொருவரின் வேண்டுகோளுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். அப்பெண்ணின் கணவருக்கு நாய் ஒவ்வாமை. பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றின் முடியும் உமிழ்நீரும் சோதனைக்கு அனுப்பப்பட்டன. ஒரு குட்டிதான் தேறியது. ஒரே ஈற்றில் பிறந்த மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே பொருந்திய பண்பு, பிற்காலச் சந்தையில் ஓர் இனத்தின் பொதுப்பண்பாக விற்கப்பட்டது. அந்தக் கலப்பைத் தொடங்கிவைத்ததற்காகக் கான்ரானே பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார்.

ஒவ்வாமை குறித்த ஆய்வுகளும் விற்பனையாளர்களுக்குத் துணைநிற்கவில்லை. நாய் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணமான கேன் எஃப் 1 என்னும் புரதம் உமிழ்நீரிலும் தோற்செதில்களிலும் இருக்கிறது. முடி அதைச் சுமக்கும் ஊர்தி மட்டுமே. 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு, ‘ஒவ்வாமை தராதவை’ எனப்பட்ட நாய்களின் முடியில் அப்புரதத்தின் அளவு மற்ற நாய்களைவிடக் கூடுதலாக இருந்ததைக் கண்டது. வீட்டுக் காற்றில் இரு வகைக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்காகவே இந்தக் கலப்பினத்தைத் தேடும் பெற்றோருக்கு இது வெறும் கல்வித்துறைச் செய்தி அன்று. மூச்சிரைப்பு தொடங்கிய பின் குட்டியைத் திருப்பித் தர வேண்டிய நிலை குழந்தைக்கும் துயரம், நாய்க்கும் துயரம்.

ஆயினும் மிகுதியான துன்பம் விளைவது முடி மாறும் பருவத்தில்தான். குட்டியின் முதல்முடி பஞ்சுபோல் மென்மையானது, குட்டையானது. சிக்கு விழுவது அரிது. பிரஷ் தொடாமலே அது அழகாக இருக்கும். ஏறத்தாழ ஆறாம் மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில், சிலவற்றில் இன்னும் தாமதமாக, அடர்ந்த முதிர்முடி முளைக்கிறது. கழலும் குட்டிமுடி புதிய சுருள்களுக்குள் அகப்பட்டு, சில நாட்களிலேயே கம்பளம்போல் இறுகிவிடும். இங்கே ஒரு முரண் உள்ளது. பிரஷ் தேவைப்படாத மாதங்களே பிரஷ்ஷுக்குப் பழக்க வேண்டிய மாதங்கள். அவை வீணாகக் கழிந்தால், முடி மாறத் தொடங்கும்போது பயிற்சியற்ற மனிதரும் பயிற்சியற்ற நாயும் முதன்முறையாக வலியோடு சந்திக்கின்றனர். சிக்கை இழுத்தால் நாய் கடிக்க வருகிறது. கடிக்க வரும் நாயை எவரும் வாரத் துணிவதில்லை. வாராத முடி மேலும் இறுகுகிறது.

இறுகிய சிக்கு அழகுக் குறைபாடு மட்டுமன்று. நாய் நகரும்போதெல்லாம் அது தோலை இழுக்கிறது. அதனடியில் ஈரம் தங்கிப் புண் உண்டாகிறது. சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களின் புழுக்கத்திலும் மழைக்காலத்திலும் இது விரைவில் நேர்கிறது. உண்ணிக் காய்ச்சல் பரவலாக உள்ள நாட்டில், சடைக்குள் ஒளிந்திருக்கும் உண்ணி கண்ணில் படுவதுமில்லை. முற்றிய நிலையில் தோலை ஒட்டி மழிப்பதைத் தவிர வழியில்லை. மழித்த நாயைக் கண்டு குரூமரைக் கடிந்துகொள்வோர் உண்டு. நாயை அந்த வலியிலிருந்து விடுவித்தவர் அவரே.

தடுக்கும் வழி கடினமானதன்று, தொடர்ச்சியானது. முடி மாறும் மாதங்களில் நாள்தோறும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் வார வேண்டும். மேற்பரப்பை மட்டும் தடவுவது வாருதல் ஆகாது. முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோல் தெரியும்படி, நுனியிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக அடிவரை ஸ்லிக்கர் பிரஷ்ஷால் வாரி, பின் இரும்புச் சீப்பைச் செலுத்திப் பார்க்க வேண்டும். சீப்பு தடையின்றி ஓடினால்தான் வேலை முடிந்தது. காதின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, கழுத்துப்பட்டை உராயும் இடம், உள்தொடை ஆகியவை முதலில் சிக்கு விழும் இடங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்பே வாரிவிட வேண்டும். நனைந்து உலரும் சிக்கு மேலும் இறுகும். இவற்றோடு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி திருத்தமும் தேவை.

ஆக, ‘உதிராத முடி’ வேலையைக் குறைக்கவில்லை. துடைப்பத்திலிருந்து சீப்புக்கு மாற்றுகிறது. அந்தச் சீப்பு யார் கைக்குப் போகிறது என்பதும் கேட்கத்தக்கது. நகர்ப்புற நடுத்தர வர்க்க வீடுகள் பலவற்றில் அது வீட்டுப் பணியாளரின் கைக்கே போகிறது. சுத்தமான தரைக்காக வாங்கிய நாயின் அன்றாடப் பராமரிப்பு, பயிற்சியோ கூடுதல் ஊதியமோ இன்றி அவரது வேலைகளோடு சேர்க்கப்படுகிறது. நாய் கடித்தால் காயமும் அவருடையதே.

எல்லா நாய்களுக்கும் பராமரிப்பு வேண்டுமே, இந்தக் கலப்பினங்களை மட்டும் குறைசொல்வானேன் என்ற மறுப்பு எழலாம். நியாயமான கேள்விதான். குறை நாயிடம் இல்லை. இவற்றுள் அன்பும் அறிவும் நிறைந்தவை ஏராளம். ஆனால் கோல்டன் ரெட்ரீவரை வாங்குவோர் முடி உதிரும் என்று அறிந்தே வாங்குகின்றனர். சுருள்முடிக் கலப்பினத்தை வாங்குவோரிடம் சொல்லப்படுவது அதன் நேர்எதிர். இந்திய கென்னல் கிளப் இவற்றை ஓர் இனமாகப் பதிவு செய்வதில்லை என்பதால், வாங்குவோர் கையில் இருக்கும் ஒரே ஆவணம் விற்பவரின் வாய்ச்சொல்.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள், இனவிருத்தி செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளை விற்பதைத் தடுக்கின்றன. இதனோடு ஒரு பக்கத் தாள் சேர வேண்டும்: தாய் தந்தையின் முடிவகை, தலைமுறை, முடி மாறக்கூடிய பருவம், வாரத்துக்கு வார வேண்டிய நேரம், திருத்தச் செலவு. ‘ஒவ்வாமை வராது’ என்ற சொல்லை ஆதாரமின்றிப் பயன்படுத்துவதும் தவறான விளம்பரமாகவே கருதப்பட வேண்டும். முதல் தடுப்பூசிக்கு வரும் நாளிலேயே பிரஷ்ஷைப் பிடிக்கும் முறையைக் கால்நடை மருத்துவமனைகள் கற்பித்தால், எட்டாம் மாதச் சிக்கல்களில் பல எழவே எழா.

வாரத்தில் சில மணிநேரத்தைச் சீப்புக்கு ஒதுக்க இயலுமா என்ற கேள்விக்கு விடை இல்லாத வீட்டில், குட்டைமுடி கொண்ட நாட்டு நாய் மகிழ்ச்சியாக வாழும். அதன் முடி உதிரும்; துடைப்பம் போதும்.