டார்ச் விளக்கும் ஒரு பேய்ப் படமும்



பேய்ப் படத்தைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே முதலில் ஒரு வழக்கு நடந்தது. சிஸ்டரிடம் போனோம். "பார்த்தது பார்த்தாயிற்று, யோசித்ததையும் எழுதிவிடுங்கள்" என்றார்கள். ஆகவே எழுதுகிறோம்.

அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் தொலைக்காட்சியில் நாங்கள் பார்த்த படம் 'பீட்சா'. 2012 அக்டோபரில் வெளிவந்தது. 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்துப் பெயர் பெற்ற கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய முதல் படம் அது. ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் முடிந்த படம் என்பார்கள். பெரிய நடிகர் ஒருவரின் சம்பளத்துக்கே அது காணாது. விஜய் சேதுபதி அன்று இத்தனை புகழ் பெற்றிருக்கவில்லை.

கதை இதுதான். பீட்சா கொண்டு கொடுக்கும் இளைஞன் மைக்கேல். ஒரு நாள் ஒரு பங்களாவுக்குப் போகிறான். வீட்டுக்காரப் பெண் பணம் எடுத்துவர மாடிக்குப் போகிறாள். விளக்கு அணைகிறது. அதற்குப் பிறகு நெடுநேரம் அந்த வீடு, அந்த மனிதன், அவன் கையில் ஒரு டார்ச், இவ்வளவுதான் திரையில். பயமுறுத்தப் பணம் வேண்டியதில்லை என்பதை அந்தப் பகுதி காட்டிவிடுகிறது. வெளிச்சம் விழும் வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறதோ என்று நம் மனமே பேயைச் செய்துகொள்கிறது. கோபி அமர்நாத்தின் ஒளிப்பதிவும் சந்தோஷ் நாராயணனின் இசையும் நமக்கு வேலை கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கின்றன. வியர்த்து, தனக்குத் தானே பேசி, அழத் தொடங்கும் மைக்கேலைப் பார்த்து எங்களில் இருவர் போர்வைக்குள் புகுந்துவிட்டார்கள். (பெயர் சொல்ல மாட்டோம்.)

இந்த வித்தை புதிதன்று. 1942இல் அமெரிக்காவில் வால் லூட்டன் தயாரித்த 'கேட் பீப்பிள்' என்ற சிக்கனப் படத்தில் சிறுத்தையை ஒளித்தே வைத்தார்கள். இரவில் ஒரு பெண் தனியே நடக்கிறாள். பின்னால் காலடி ஓசை. பிறகு ஓசையே இல்லை. திடீரென்று ஒரு சீற்றம். பார்த்தால் ஒரு பஸ் வந்து நிற்கிறது! கையில் காசு இல்லாதபோது மூளை வேலை செய்கிறது போலும்.

'பீட்சா' ஓடியதற்கு இன்னொரு காரணத்தை எங்கள் அம்மாக்கள் சொன்னார்கள். 2012இல் தமிழ்நாட்டில், அதிலும் சென்னைக்கு வெளியே, மின்வெட்டு நாளில் பாதி நேரம் இருந்தது. சிம்னி விளக்கும் டார்ச்சும் ஒவ்வொரு வீட்டிலும் கைக்கெட்டும் இடத்தில் இருந்த காலம். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர் பெற்ற நம் கண்மாய்க் கரையில் கொள்ளிவாய்ப் பிசாசு உலவுகிறது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு, கரண்டு போன வீட்டைப் பேய் வீடாக்கத் தனிச் செலவு எதற்கு?

இனிக் குறைகள். முன்பாதியில் காதல் காட்சிகள் நீள்கின்றன. மணமாகாமலே இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதைப் பெற்றோர் சிலர் முகம் சுளித்துத்தான் பார்த்தார்கள். ஆனால் எங்களை உறுத்தியது வேறொன்று. அதைச் சொல்ல முடிவையும் சொல்லியாக வேண்டும்; படம் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்க.

பங்களாவில் பேயே இல்லை. முதலாளி தன் கையில் கொடுத்தனுப்பிய வைரங்களை அமுக்கிக்கொள்ள மைக்கேலும் அவன் துணைவியும் கட்டிய கதை அது. அருமையான திருப்பம்! ஒரு பேய்க் கதையால் யாருக்கு லாபம் என்று தமிழ்ப் படம் ஒன்று கேட்டுவிட்டதே என்று மகிழ்ந்தோம். ஆனால் முதலாளி அந்தக் கதையை ஏன் நம்பினார்? அவர் மகளுக்குப் பேய் பிடித்திருப்பதாக வீட்டில் நம்புகிறார்கள். அந்தத் தகப்பனின் பயத்தின் மேல்தான் திருட்டே நிற்கிறது. அந்தப் பெண் திரையில் சில நிமிடங்களே வருகிறாள். நம்மைத் திடுக்கிட வைத்துவிட்டுப் போகிறாள். அவளுக்கு இருப்பது நோயாக இருக்குமோ என்று எவரும் கேட்பதில்லை. மைக்கேல் அவளை எப்படிப் பயன்படுத்தினானோ அப்படியேதான் படமும் பயன்படுத்துகிறது. கடைசிக் காட்சியில் உண்மையாகவே பேய் இருக்கிறதோ என்று வேறு கோடி காட்டி, தான் கேட்ட நல்ல கேள்வியைத் தானே அழித்துவிடுகிறது.

இதை ஏன் பெரிதுபடுத்துகிறோம் என்று கேட்கலாம். நம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. நோயைப் பேய் என்று கருதி அழைத்து வருவது ஒரு மதத்தாரின் வழக்கம் மட்டும் அன்று. நம் கோயில் வாசல்களிலும் பார்த்திருக்கிறோம். செபிப்பதை யாரும் குறை சொல்லவில்லை. செபித்த கையோடு மருத்துவரிடமும் போகலாமே!

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி எட்டாம் வகுப்பில் காலை வழிபாட்டின்போது கை கால் வெட்டி இழுத்து விழுந்தாள். புளியமரத்தடியில் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மூன்று மாதம் அவள் பள்ளிக்கே வரவில்லை. பிறகு ஒரு மாமா மதுரைக்கு அழைத்துப் போக, வலிப்பு நோய் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். இன்று எங்களோடுதான் படிக்கிறாள். கணக்கில் எங்களைவிட மேல்.

விடுமுறை முடிந்து வந்த அன்று எங்களில் ஒருத்தி, படத்தில் வரும் அந்தப் பெண்ணைப் போலக் குரலை மாற்றிப் பேசிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். சிரித்தவர்களில் இதை எழுதுகிற நாங்களும் உண்டு.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. படத்தைப் பற்றித்தான் பேசினாள். "அந்த டார்ச்லைட் இடம் எனக்கும் பிடிச்சுச்சு. முதலாளி வீட்டு சீன்ல மட்டும் டிவியை நிறுத்திட்டு வெளியே போய்ட்டேன்" என்றாள்.