விளக்கை எடு, தெற்கே போ



வில் க்ரௌதர் என்ற அமெரிக்கக் கணினி நிரலாளருக்குக் குகைகள்மேல் தீராத ஆசை. கென்டக்கி மாநிலத்து மம்மத் குகைக்குள் தவழ்ந்து போய், அளந்து வரைபடம் போட்டவர்களில் அவரும் ஒருவர். எழுபதுகளின் நடுவில் அவருடைய மணவாழ்க்கை முறிந்தது. மகள்களைப் பிரிந்திருந்த ஏக்கத்தில், அவர்கள் தன்னைப் பார்க்க வரும்போது விளையாடட்டும் என்று, தான் அறிந்த குகையையே எழுத்தாலான ஒரு விளையாட்டாகக் கணினியில் செய்துவைத்தார். படம் கிடையாது, ஒலி கிடையாது. நாம் நிற்கும் இடத்தைத் திரை சில வரிகளில் சொல்லும். விளக்கை எடு, தெற்கே போ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் தட்டினால் கதை நகரும். 1977இல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். ‘அட்வென்ச்சர்’ என்ற அந்த விளையாட்டு கணினி இருந்த இடமெல்லாம் பரவியது. ஊடாடும் புனைகதை என்ற கலை பெருகியது அங்கிருந்துதான். ஒரு தகப்பன் தன் பிள்ளைகளுக்குச் செய்து கொடுத்த பொம்மை அது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

ஆனால் புதிதாக விளையாட வருபவர்கள் அதிலேயே தொடங்க வேண்டாம். வழி தவறவைப்பதில் அது கெட்டிக்கார விளையாட்டு. 2007இல் வந்த ‘லாஸ்ட் பிக்’ நல்ல தொடக்கம். தொலைந்த பன்றியைத் தேடிப் போகும் ஒரு முரட்டு வெள்ளந்தியின் கதை, சிரித்துக்கொண்டே பழகிவிடலாம். அடுத்து ஆடம் கேட்ரே 1998இல் எழுதிய ‘ஃபோட்டோபியா’. புதிர்கள் குறைவு, முடிக்கும்போது நெஞ்சு கனக்கும். இரண்டும் இலவசம். திரையில் பெயர் சொல்லப்பட்ட ஒவ்வொரு பொருளையும் உற்றுப் பாருங்கள். கையில் பென்சிலும் தாளும் இருக்கட்டும். வீட்டில் ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் வரைபடம் போட்டால் இன்னும் சுவை.

விளையாடியவர்களுக்கு எழுதும் ஆசை வராமல் போகாது. அதற்கு ‘ட்வைன்’ போதும். கிறிஸ் கிளிமாஸ் 2009இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஒரு பெட்டிக்குள் கதையின் ஒரு பகுதியை எழுதி, வாசகர் தொட வேண்டிய சொற்களை இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் அடுத்த பெட்டி தானே முளைக்கும். தமிழிலேயே எழுதலாம். கட்டளையைத் தட்டி விளையாடும் வகையைத் தமிழில் செய்வது கடினம். அவ்வகை விளையாட்டைச் செய்ய உதவும் கருவிகள் வினைச்சொல்லை முதலில் எதிர்பார்ப்பவை, நமக்கோ அது கடைசியில் வரும், பெயர்ச்சொல்லும் வேற்றுமை உருபு ஏறி உருமாறும். தொட்டுப் படிக்கும் ட்வைன் கதைக்கு அந்தத் தொல்லை இல்லை.

எல்லோரும் இடறும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு வழி வைத்து, எதையும் மறுபடி சேர்க்காமல் போனால், பத்தாவது திருப்பத்தில் 1,024 முடிவுகள் எழுத வேண்டியிருக்கும். கிளைகளைப் பிரித்த கையோடு சேர்த்துவிடுங்கள். ஆனால் வாசகர் செய்ததைக் கதை மறக்கக் கூடாது. கடைசிப் பேருந்தில் ஒரு பாட்டிக்கு இருக்கையைக் கொடுத்தாரா, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாரா? எதைச் செய்திருந்தாலும் வாசகர் அதே இருட்டு நிறுத்தத்தில்தான் இறங்குவார். கொடுத்தவருக்கு மட்டும் பாட்டி டார்ச் அடித்து வழிகாட்டட்டும். இதற்கு ட்வைனில், வாசகர் செய்ததை நினைவில் வைக்கும் ஒரு சிறு மாறி போதும்.

தமிழில் எழுதுபவர் முதல் வரியிலேயே முடிவு செய்ய வேண்டியது இன்னொன்று: வாசகரை நீ என்பதா, நீங்கள் என்பதா? ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது. நீ என்றால் கதை தோளில் கைபோடுகிறது. நீங்கள் என்றால் விருந்தாளியாக நடத்துகிறது. என் விருப்பம் ‘நீ’ என்பதுதான். பேய்க்கதைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை.

நம் மொழியில் இப்படிப்பட்ட கதைகள் நிறைய வர வேண்டும் என்பது என் ஆசை. இந்த மாதம் பன்னிரண்டு பெட்டிக்குள் அடங்கும் ஒரு கதை எழுதுங்கள். உங்கள் தெரு, உங்கள் பாட்டி வீடு, நீங்கள் படித்த பள்ளி, எதுவானாலும் சரி. முதலில் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். திருத்தியபின் எங்களுக்கு அனுப்புங்கள். வருகிற ஒவ்வொன்றையும் நான் விளையாடிப் பார்ப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்