நீதிக்குத் தனி இல்லம்

2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2022 ஜூனில் ஆட்சியர் அலுவலகத்திற்குப் புதிய மாளிகையும் திறக்கப்பட்டது. ஆயினும் ஆட்சிபீடம் இவ்வூருக்குப் புதிதன்று. 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் நாடு திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானபோது, அதனை ஆள வந்த அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரையே தலைமையிடமாகக் கொண்டார். வயல்தோறும் நிலம் அளந்து உழவரிடம் நேரே தீர்வை வாங்கும் இரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. வரியும் வழக்கும் அன்று ஒரே கச்சேரியில், ஒரே கையில் இருந்தன. தீர்வை மிகையென்று முறையிட வந்தவன், அதனை விதித்தவரிடமே முறையிட வேண்டியிருந்தது.

1802இல் ஜில்லா நீதிமன்றங்கள் தோன்றி, நீதிபதிக்குத் தனி இருக்கை கிட்டியது. அது நீடிக்கவில்லை. ரீடின்கீழ்ப் பாராமகாலில் பயின்ற தாமஸ் மன்றோவின் பரிந்துரைப்படி, 1816இல் காவலும் குற்ற விசாரணையும் மீண்டும் ஆட்சியரிடமே சென்றன. குடிகளின் மொழியையும் வழக்கங்களையும் அறிந்தவர் மன்றோ. அவர்மீது நாம் கொண்ட மதிப்புக் குறையாது. எனினும் அம்முடிவு பிழையென்றே கூறுவோம். 1873ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையியல் நீதிமன்றங்களை ஒழுங்குபடுத்திய பின்னரும், வரி தண்டிய வட்டாட்சியரே தாலுகா கச்சேரியில் குற்றவியல் நடுவராகவும் வீற்றிருந்தார். நீதித்துறையை ஆட்சித்துறையினின்று பிரிக்குமாறு அரசியலமைப்பின் 50ஆம் உறுப்பு பணித்தது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்பிரிவினையை நாடெங்கும் நிலைபெறச் செய்தது.

இதற்கிடையே, 1911இல் திருப்பத்தூர் வட்டம் சேலத்தினின்று பிரிந்து வட ஆர்க்காட்டுடன் இணைந்தது. மாவட்டத் தலைநகர் தேடிச் சேலம் சென்றவர்கள் வேலூர் செல்லலாயினர். தொலைவு எளியோர்க்கு நீதியை மறுக்கும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைக் கழிவால் பாலாறு நஞ்சானபோது, மக்கள் மன்றமொன்று தில்லி வரை சென்று வழக்காட நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று, கெடுத்தவனே ஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இந்தியச் சூழலியல் சட்டத்துக்கே அத்தீர்ப்பு அடித்தளமாயிற்று. ஆனால் கிணறு கெட்ட உழவர் ஒவ்வொருவரும் தில்லி செல்ல இயலுமா? அவருடைய வழக்கு அவர் ஊரருகிலேயே கேட்கப்பட வேண்டும்.

ஆகவே, அரசும் உயர் நீதிமன்றமும் இரண்டு கடமைகளைத் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டுகிறோம். ஒன்று, திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் நீதிமன்றங்களுக்கு ஆட்சியர் மாளிகைக்கு ஈடான கட்டடங்கள் வேண்டும். வழக்குக்கு வரும் பெண்களும் முதியோரும் நாள் முழுதும் வெயிலில் நிற்காதவாறு, அமர நிழலும் குடிக்க நீரும் அவற்றில் இருத்தல் வேண்டும். மற்றொன்று, பழைய கச்சேரி, நீதிமன்றக் கட்டடம் எதன்மீதும் கடப்பாரை விழுமுன், அதன் வரைபடமும் வரலாறும் பதிவாக வேண்டும். அங்குள்ள பழைய ஆவணக் கட்டுகள் ஆவணக் காப்பகத்தைச் சேர வேண்டும். பாராமகால் ஆவணங்கள் அச்சேறியதனாலன்றோ ரீடின் காலத்தை இன்று நாம் அறிகிறோம்! மாவட்ட வழக்கறிஞர் சங்கங்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் அரசின் ஆணைக்குக் காத்திராமல் இவ்வாண்டே இப்பதிவுப் பணியைத் தொடங்குக.