மூன்று நிறக் கூடை, ஒரே ட்ரக்டர்

'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெனர் கட்டி, நாடா வெட்டி, எங்கட வளாகத்தில் மூன்று நிறக் குப்பைக்கூடைகள் வைத்தார்கள். பெனரும் பிளாஸ்ரிக்தான், அது வேற கதை. பின்னேரம் வாற ட்ரக்டரில் மூன்றையும் ஒன்றாய்த்தான் கொட்டுறாங்கள். பிறகு அதைப் பிரிக்கிறது துப்புரவு வேலை செய்யிற அக்காமார், வெறுங்கையால்.

பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பரிலேயே தடை வந்தது. பிளாஸ்ரிக் கரண்டிக்கு 2023 ஒக்டோபரில். எங்கட கன்ரீனுக்கு இரண்டு செய்தியும் இன்னும் வந்து சேரவில்லை.

கன்ரீனை மட்டும் சொல்லி என்ன? சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோக வெட்கப்படுறது நாங்கள்தானே! மீள்சுழற்சிக்கு முதல் மீள்பாவனை. பெட்டியோட வாறவைக்குப் பார்சலில் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிக் கேட்போம். கழுவுறதுக்கு வாசலில் ஒரு பைப் போதும். அக்காமாருக்குக் கையுறையும் சேர்த்துக் கேட்போம்.